காய்ச்சலில் வந்து போனவள்

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. மருமகள் பழக்கிவிட்டது இது. வீட்டுப் பேச்சில் சொன்னால் அது கண்டதையும் எழுதிவைக்கிறதாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கொத்து வேலை பார்த்தவன், சாரத்தில் நின்று ரேடியோ கேட்டே பாதி உலகம் தெரிந்துகொண்டவன். எனக்கு இது வராதா?

இன்று குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மாற்றி முடிப்பதற்குள் என் மனைவி நாலு தடவை கதவைத் தட்டிவிட்டாள். "குழாயா கட்டுறீங்க, கோபுரமா கட்டுறீங்க? வெளிய வாங்க" என்றாள். போன மாதமும் இப்படித்தான் இருந்தது. நீர் போகும்போது எரிச்சல். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்தாள். நாலு விழுங்கினாள், எரிச்சல் நின்றது, மிச்சத்தைப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டாள். இப்போது அந்த டப்பாவைத் தேடி இரண்டு எடுத்து விழுங்கியிருக்கிறாள்.

"டாக்டரம்மாகிட்டப் போவோமா?" என்றேன்.

"இதுக்கெல்லாமா? நாலு பேரு முன்னாடி என்னன்னு சொல்றது?"

மார்ச் 5, வியாழன்

சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் போகவேண்டியிருக்கிறதாம்.

மார்ச் 6, வெள்ளி

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

மதியம், நல்ல வெயில். நான் கூடத்தில் நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். திடீரென்று தெளிவான குரலில் சொன்னாள்: "நண்டு, கதவைச் சாத்திட்டு உள்ள வாடி."

சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது.

நண்டு எங்கள் மூத்த மகள். ஆறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதி திறந்த கதவை முழுக்கத் திறக்கமாட்டாள், உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நுழைவாள். அதனால் அந்தப் பெயர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளை எடுத்துக்கொண்டு போன அன்றிலிருந்து என் மனைவி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நான் ஒருமுறை சொன்னபோது கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் சொல்லவில்லை. சின்னவனுக்குத் தனக்கு ஒரு அக்கா இருந்ததே பள்ளிக்கூடம் முடிக்கும்போதுதான் தெரியும்.

கதவைப் பார்த்தேன். பாதி திறந்திருந்தது.

காற்றுக்குத் திறந்திருக்கும். காற்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 7, சனி

மருமகளுக்கு இந்த வாரம் வெளியூரில் பயிற்சி, நாளைதான் வருவாள். சின்னவன் கடல் தாண்டி இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் என்று சொல்லலாமா?

அவள் இன்று காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். மேஜைக்கு அடியில் பார்த்துப் பேசினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்: "என்ன பண்றா?"

"என்ன பண்ணுவா? உங்க மட்டக்கோலை எடுத்து வச்சுக்கிட்டு, உள்ள இருக்கிற குமிழி மீனுங்கறா. அது ஓடுது, இவளும் ஓடுறா."

உண்மை. அப்படித்தான் சொல்லுவாள். சுவர் மட்டம் பார்க்கிற அந்தக் கோலை மறுபடி எடுத்து வேலை செய்ய எனக்கு மனம் வராமல் விற்றேன். ஏன் விற்றேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் எல்லாம் நினைவிருக்கிறது, அவள் மனதிலிருந்து கழுவிவிட்டாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவளிடமும் எல்லாம் இருந்திருக்கிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கவுன் என்ன நிறம் என்றேன். சரியாகச் சொன்னாள். என்ன கேட்கிறாள் என்றேன். "அப்பா ஏன் கிழவனாயிட்டாருன்னு கேக்கறா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் கை சுட்டது. எனக்குத் தெரியும். கிளினிக் ஞாயிறு காலையும் உண்டு, ஆட்டோ கூப்பிட்டால் பத்து நிமிஷம். நான் கூப்பிடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். இந்த வயதில் முட்டி மடக்கிக் குனிந்து பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

நிதானமாகச் சொல்ல வரவில்லை.

காலையில் ஒரு காலிக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கு நீட்டினாள். "குடிடி. முழுசாக் குடி. இந்தத் தடவை மிச்சம் வைக்கல" என்றாள்.

"என்ன மிச்சம்?" என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. நண்டிடம்தான் சொன்னாள்: "உனக்குத்தான் காய்ச்சல் விட்டிருச்சே. தம்பிக்கும் சளி கட்டினா வேணுமேன்னு பாதியை எடுத்து வச்சேன். வேற எதுக்கும் இல்லடி. அம்மா மேல கோவமா?"

அப்போது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். பிள்ளைக்கு நெஞ்சில் சளி, டாக்டர் பாட்டிலில் மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது என்று தகவல் வந்தது. அடுத்த தகவல் வந்தபோது மறுபடி காய்ச்சல் ஏறி எல்லாம் முடிந்திருந்தது. பாட்டில் விஷயம் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அடிப்பாவி. இதையா இவ்வளவு காலம் உள்ள வச்சிருந்தே? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் அடிச்சிருப்பேனா? திட்டியிருப்பேனா? — திட்டியிருப்பேனோ என்னவோ. அதான் சொல்லலையா?

மருமகள் மதியம் பெட்டியோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகப் போய் அவள் கழுத்தில் கை வைத்தாள்.

"மாமா! அத்தைக்கு அனலாக் கொதிக்குது. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேசிக்கிட்டிருந்தா. நல்லாத்தான் பேசினா."

"யாரோட பேசினாங்க?"

நான் மேஜையைப் பார்த்தேன். கிளினிக் மூடியிருந்தது. மருமகள் ஈரத்துணி போட்டுக்கொண்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசவில்லை.

மார்ச் 9, திங்கள்

டாக்டரம்மா சின்னப் பெண். இருமலுக்கு ஊசி கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்புவதால் எங்கள் தெருவில் அவளுக்கு 'இல்லை டாக்டர்' என்று பெயர். விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினாள், என் மனைவி துள்ளினாள்.

"நீர்ல கிருமி. மேல சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு. வயசானவங்களுக்கு அது மூளையைக் குழப்பிடும். இல்லாத ஆள் தெரிவாங்க, பழசும் புதுசும் கலந்துபோகும்."

"கிருமி எங்கயோ இருக்கு, தலையில எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். மாடிக் குளியலறையில் குழாய் கசிந்தால் கீழே கூடத்துச் சுவரில் கறை படரும். சுவரைச் சுரண்டிப் பயனில்லை. இதை எத்தனை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லியிருப்பேன்.

மருமகள் பொத்தான் டப்பாவை எடுத்து வந்திருந்தாள். டாக்டரம்மா திறந்து பார்த்தாள். மாத்திரையும் பொத்தானும் கலந்து கிடந்தன.

"இது எந்த நோய்க்கு யாருக்குக் கொடுத்தது?"

"எரிச்சல்னு கடையில கொடுத்தாங்க. மிச்சம்."

"சும்மா சும்மா கொஞ்சம் கொஞ்சமா விழுங்கினா, கிருமியில நோஞ்சான்தான் சாவான். முரடன் தங்கிடுவான்." திட்டுகிற குரல் இல்லை. களைத்த குரல்.

நீரைச் சின்னப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரைக்கும் ஒரு மாத்திரை. வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்ப முழிக்காவிட்டாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

"எப்போலேருந்து இப்படி?" என்று என்னைக் கேட்டாள்.

"நேத்துதான்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

மாத்திரை கொடுத்தேன். கொடுக்கும்போது கை தயங்கியது. உண்மையைச் சொல்கிறேன், தயங்கியது. இது வேலை செய்தால் பிள்ளை போய்விடுவாள்.

மார்ச் 11, புதன்

வேலை செய்யவில்லை.

காலையில் என்னைப் பார்த்து, "ஐயா, யாரு நீங்க? வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு" என்றாள். ஐயா என்றாள் என்னை.

பிறகு எழுந்து நின்றாள். நிற்கத் தெம்பில்லாதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "இருடி, வர்றேன். கையைப் பிடிச்சுக்க. தனியாப் போகாத" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

இத்தனை நாள் நம் பிள்ளை நம்மைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று ஆசையாக உட்கார்ந்திருந்தேனே! அவள் வந்தது உட்காருவதற்கா, கூட்டிக்கொண்டு போவதற்கா?

வாசலில் போய்க் குறுக்கே நின்றேன். அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நண்டு, போதும்மா. நீ போ. அம்மா வரமாட்டா. அப்பா சொல்றேன்ல, போ."

பெற்ற பிள்ளையை இரண்டாவது தடவை அனுப்புகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

என் மனைவி என் நெஞ்சில் குத்தினாள். குத்தில் பலமே இல்லை. மருமகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கிளினிக்கிலிருந்து ஃபோன். முடிவு வந்துவிட்டது, இந்த மாத்திரைக்கு அந்தக் கிருமி மசியாது, உடனே அழைத்து வாருங்கள், ஊசி போடவேண்டும்.

டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்தே இப்படி என்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாவது ஊசி. நாளெல்லாம் தூக்கம். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

விழித்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன் இப்படிச் சவரம்கூடப் பண்ணாம பேய் மாதிரி உக்காந்திருக்கீங்க?"

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வர முடிந்தது. வந்ததும் பார்வை மேஜைக்கு அடியில் போனது. தரைதான் இருந்தது. மருமகள் துடைத்திருந்தாள், ஈரம்.

மார்ச் 15, ஞாயிறு

"நல்லாத்தான இருக்கேன், எதுக்கு இன்னும் ஊசி? உடம்பென்ன சல்லடையா?" என்று காலையிலிருந்து சண்டை.

"டாக்டரம்மா சொன்னவரைக்கும் போட்டாகணும்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் கேட்டாள்: "நான் ஏதாச்சும் உளறினேனா?"

"காய்கறி விலையைச் சொல்லித் திட்டிக்கிட்டு இருந்தே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் எல்லாம் பழையபடி. நான் கும்பிட்டுக் கேட்டது இதைத்தான், கிடைத்துவிட்டது. ஆனால் கூடத்தில் உட்கார முடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கடைசி ஊசி முடிந்தது. அவளை மருமகளோடு வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் உள்ளே நின்றேன். நெஞ்சுச் சளி, ஆறு வயது, பாதிப் பாட்டில், எல்லாவற்றையும் சொன்னேன். "அதனாலதான் போச்சாம்மா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தாள். "ஐயா, அப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. சில சளிக்கு அந்த மருந்து கேக்கவே கேக்காது. முழுசாக் குடிச்சிருந்தாலும் மறுபடி வந்திருக்கலாம். காய்ச்சல் விட்டா மருந்தை எடுத்து வைக்கிறது அப்போ எல்லா வீட்லயும் உண்டு. எங்க வீட்லயும் உண்டு."

"இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியாதா?"

"முடியாதுங்க."

இல்லை டாக்டர். பொய்யாகவாவது ஒரு 'இல்லை' சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லாதவள் சொன்ன வார்த்தை என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர முடிந்தது.

மார்ச் 20, வெள்ளி

மூன்று நாள் தொண்டையிலேயே வைத்திருந்தேன். இன்று மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்குக் கிளினிக்ல ஒரு கிழவி உக்காந்திருந்தா. அவ சின்ன வயசுல, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் மருந்துல பாதியை எடுத்து வச்சாளாம். பிள்ளை போயிருச்சாம். தன்னாலதானான்னு கேட்டா."

துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்களாம்?"

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

"வீட்டுக்காரன்கிட்டச் சொன்னாளாமா அவ?"

"சொல்லலையாம். அவனுக்கு வேற விதமாத் தெரிஞ்சுபோச்சாம்."

"என்ன சொன்னானாம்?"

"அவன் என்ன சொல்லுவான்? இத்தனை வருஷம் தனியாத் தூக்கிச் சுமந்தியே, என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருக்கலாமேன்னு கேட்டானாம்."

சட்டை மடியிலேயே கிடந்தது. பிறகு, சட்டையிடம் சொல்வது மாதிரி, சின்னக் குரலில் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு தூங்குறப்போ என் முந்தானையை விரல்ல சுத்திக்கும். எடுத்தா முழிச்சுக்கும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க, நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க..."

நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது இது.

பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் கை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.