குளிர்ப்பெட்டியில் கருமூக்கன்

பாறசாலை
11.2.2024

அன்புத் தங்கை ராகேலுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். போனில் நீ பேசுவது என் காதில் ஏறாததால் எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

கடைசியில் உன் நச்சரிப்புதான் ஜெயித்தது. ஒன்றே ஒன்றாக இருப்பதை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று சுவடி ஆபீஸ் சட்டமெல்லாம் பேசினாயே, இதோ கருமூக்கன் விதையில் பாதியை உனக்கு அனுப்புகிறேன். இந்தப் பக்கத்தில் வேறு எவரிடமும் இந்த நெல் இல்லை. எல்லாரும் வயலை மூடி ரப்பர் வைத்துவிட்டார்கள்.

அறுத்து அடித்த கையோடு நெல்லை வைக்கோலில் பொதிந்து விதைக்கோட்டையாகக் கட்டியிருக்கிறேன். ஈரம் போகவில்லை. பிரித்து, மொட்டைமாடியில் ஏழு நாள் பகலில் வெயிலும் இரவில் பனியும் காட்டு. எட்டாம் நாள் ஒரு முழு வெயில் காயவைத்துத் திரும்பக் கட்டு. இதில் மட்டும் உன் படிப்பைக் காட்டாதே.

அண்ணன்
வேதமாணிக்கம்

கரமனை
26.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோட்டை பத்திரமாக வந்தது. முப்பத்தொரு வருஷம் ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றியவளிடம் ஒரு பொதி நெல்லைக் கொடுத்துவிட்டு இவ்வளவு பயமா? வெயில், பனி எல்லாம் காட்டியாயிற்று. அட்டையில் பெயர், தேதி, வயலின் சர்வே நம்பர் வரை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு பிடி மட்டும் தனிக் கவரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

மதினியிடம் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

உங்கள்
ராகேல்

பாறசாலை
12.6.2024

அன்புள்ள ராகேலுக்கு,

மே மாத மழையில் என் நாற்றங்கால் முழுதும் அழுகியது உனக்குத் தெரியும். என் பாதி அதோடு போயிற்று. மருமகன் விஜின் உன் வீட்டிலிருந்து எடுத்துவந்த கோட்டையை ஊறவைத்து விதைத்தேன். இன்றோடு பத்து நாள். ஒரு முளை இல்லை.

உன்னைச் சொல்ல ஒன்றுமில்லை. நீ சொன்னபடி செய்தாய். ஊறப்போட்டதில் எனக்குத்தான் எங்கோ பிசகியிருக்கிறது. வயசாகிவிட்டது, கைராசியும் போய்விட்டது. வாழை போட வயலைக் கொடுங்கள் என்று லிங்கராஜ் கேட்கிறான். சரி என்று சொல்லப்போகிறேன்.

மனசு சரியில்லை. அதனால் இவ்வளவுதான்.

வேதமாணிக்கம்

கரமனை
19.6.2024

அண்ணே,

வயலைக் கொடுக்காதீர்கள். தவறு உங்கள் கையில் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கவரில் இருந்த ஒரு பிடியிலிருந்து நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் கட்டினேன். நான்காம் நாள் பிரித்தால் புளித்த நாற்றம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நம்ப முடியாமல் கிருஷி பவனில், அதுதான் இங்கத்த விவசாய ஆபீஸில், வேலை பார்க்கும் நீதுவிடம் கொண்டுபோனேன். எப்படி வைத்திருந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஈரம் உள்ள வித்தை ஃப்ரீசர்ல வெச்சா உள்ளே ஐஸ் ஆகும் அம்மா. இது செத்த வித்தாக்கும்" என்றாள்.

ஆமாம் அண்ணே, ஃப்ரீசர். பூச்சி அரித்த சுவடி வந்தால் பையில் போட்டு ஒட்டி ஏழு நாள் உறையவைப்போம். முட்டை முதல் எல்லாம் சாகும், ஓலைக்கு ஒன்றும் ஆகாது. கோட்டையில் ஒரு வண்டைக் கண்டதும் என் கை அதைத்தான் செய்தது. கவரில் இருந்த பிடியும் அதற்குப் பிறகு எடுத்ததுதான். பனியில் காட்டச் சொன்னது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது, மாடிக்கே கொண்டுபோகவில்லை. உங்களிடம் சொன்னால் சண்டை போடுவீர்கள் என்று பொய் எழுதினேன்.

வாழ்நாள் முழுதும் உயிரில்லாத பொருளையே பார்த்துவந்தவள் நான். இதற்கு உயிர் இருக்கிறது என்பது என் தலையில் ஏறவே இல்லை. இந்த உலகத்தில் இருந்த கடைசி கருமூக்கனை நான் கொன்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

ராகேல்

பாறசாலை
3.7.2024

ராகேலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. முதலில் வாசித்தபோது எனக்கு அர்த்தமே பிடிபடவில்லை. உன் மதினியை உரக்க வாசிக்கச் சொன்னேன். பாதியில் அவளால் முடியவில்லை.

வயல் போய்விட்டது. நீ எழுதிய கடிதம் வருவதற்கு முந்தின நாள் லிங்கராஜுக்கு வாக்குக் கொடுத்தேன். இப்போது குழி தோண்டுகிறார்கள். திருப்பிக் கேட்கவில்லை. கேட்டு எதை விதைப்பது?

உண்மையைச் சொன்னாய். சொல்லாமல் இருந்திருந்தால் சாகும்வரை என் கையைத்தான் பழித்துக்கொண்டிருப்பேன். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் பிப்ரவரியில் நீ எழுதிய அந்த ஒரு வரியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். வெயில், பனி எல்லாம் காட்டியாயிற்று. எனக்குத் தாங்க முடியாதது நெல் செத்தது மட்டுமில்லை ராகேலே.

இந்தக் கிறிஸ்மஸுக்கு இங்கே வராதே. நான் எழுதும்வரை எழுதவும் வேண்டாம்.

வேதமாணிக்கம்