நீ கதிர் பொறுக்கப் போன வெள்ளிக்கிழமை

மச்சாள்,

நம்முடைய வயல் வட்டையில் அறுவடை முடிந்துவிட்டது. காலையில் வாசல் கூட்டும்போது வாவிக் காற்றோடு அறுத்த தாளின் ஈர மணம் வந்தது. விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்த மணம் வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். சாமியறையில் எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் போகமாட்டேன் என்கிறாய். அந்த நேரம் பார்த்து, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று "நமது மண், நமது உரிமை" என்று கத்திக்கொண்டு போனது. உன் குரல் இல்லாமல் அந்த வார்த்தைகள் எவ்வளவு மெலிந்துபோய்விட்டன!

ஊரில் நான் வாய்க்காரி என்று பெயர். ஆனால் மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ அப்படி இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசாமல் இருப்பாய். மேடை ஏறினால் வேறு ஆள். சண்டையில் உன் தம்பி செத்துப்போனபிறகு கட்சிக்காரர்கள் உன்னைக் கூட்டத்துக்குக் கூட்டம் அழைத்துப் போனார்கள். நீ பேசி முடித்தால் ஆண்களும் கண்ணைத் துடைப்பார்கள். உனக்கு அது நடிப்பில்லை. இந்த மண்ணை நீ நேசித்ததுபோல ஒருவரும் நேசித்ததை நான் பார்க்கவில்லை.

அந்தத் தேர்தல் வருடம் ஞாபகம் வருகிறது. கூட்டம் போடியாருடைய வளவில். நம்மூர் வயலில் பாதிக்கு அவர்தான் சொந்தக்காரர். ஜெனரேற்றர் அவருடையது, கதிரைகள் அவருடையவை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சண்டைக் காலத்தில் நாம் இரண்டு குடும்பமும் ஒதுங்கிக் கிடந்தது அவருடைய நெல் மண்டபத்தில்தானே.

ஆனால் அந்த வருடம்தான் அவர் அறுத்த வயலை மாட்டுக்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். கதிர் பொறுக்கும் பெண்கள் யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்று காவலுக்கு ஆள் போட்டார். அறுத்தபின் சிந்திக் கிடப்பது பொறுக்குகிறவர்களுக்கு என்பது நாம் பிறக்கும் முன்பிருந்தே உள்ள வழக்கம். நீயும் நானும் பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்கியவர்கள்தான். அறுக்கும் மெசின் வந்த பிறகும் மூலைகளிலும் சாய்ந்த பயிரிலும் கொஞ்சம் மிஞ்சும். புருசன் இல்லாத வீடுகளில் இரண்டு மாதச் சோறு அதுதான்.

கூட்டத்துக்கு முதல்நாள் கதிர் பொறுக்கும் பூமணி அக்கா இன்னும் நாலு பெண்களோடு உன் குசினி வாசலுக்கு வந்தா. நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய்.

"நாளைக்கு நீ மண் மண் எண்டு கத்தப்போறாய். அந்த மண்ணில கிடக்கிற கதிர எடுக்க எங்களுக்கு ஏலாதாம். அப்ப நாங்க எந்த மண்ணுகா?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். "விடுங்கக்கா. எல்லாரும் ஒண்டா நிக்கிற நேரம். போடியாரப் பகைக்கிற நேரமா இது?"

நீ துருவுவதை நிறுத்தினாய். "ஒண்டா நிக்கிறதெண்டா எல்லாரும் நிக்கணும். அஞ்சு பேர் வரம்புக்கு வெளியில நிண்டா அது என்ன ஒண்டுகா?"

மறுநாள் மேடைக்குப் பின்னால் ஊரில் கட்சியை நடத்திய மாஸ்டரிடமும் இதைச் சொன்னாய். அவர் உன் தோளில் தட்டினார். "முதல்ல உரிமை, தங்கச்சி. வயித்துக் கதைய மறுகா கதைப்பம்."

"மறுகா மறுகா எண்டு எங்கட அம்மா செத்தே போயிட்டா, மாஸ்டர்."

அன்று நீ பேசியது வழக்கம்போலத்தான். கைதட்டு ஓய்ந்ததும் இறங்குவாய் என்று பார்த்தேன். நீ முன் வரிசையில் மாலையோடு இருந்த போடியாரைப் பார்த்துத் திரும்பினாய். "ஐயா, மண் நம்மடதெண்டு இப்ப நீங்களும் கைதட்டினீங்க. நாளைக்கு வெள்ளன நாங்க உங்கட வட்டைக்குள்ள கதிர் பொறுக்க வாறம். தடுக்கமாட்டீங்க எண்டு நம்புறன்."

போடியார் சால்வையைச் சரிசெய்தார். "வா புள்ள, வா. ஆரு வேணாமெண்டது?" என்று சிரித்தார். சனமும் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

இறங்கி வந்து என் கையைப் பிடித்தாய். "நாளைக்கு நீயும் வாகா. நீ வந்தா மத்தப் பொண்டுகளும் வருவாளுகள். எனக்குப் பயமாக் கிடக்கு."

"வாறன்" என்றேன்.

நான் வரவில்லை. வெள்ளிக்கிழமை, முருகனுக்குப் பூசை என்று கோயிலுக்குப் போனேன். முருகனைச் சாட்டிச் சொன்ன பொய் அது. என் வீட்டுக்காரர் அப்போது போடியாருடைய மெசின் ஓட்டுகிறவர். நான் வட்டையில் இறங்கினால் அவருடைய வேலை போய்விடும் என்று பயந்தேன். உனக்கும் அது தெரியும்.

நீங்கள் ஆறு பேரும் பொறுக்கினீர்கள். காவல்காரன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றானாம். அன்று பின்னேரம் ஒரு சுளகு நெல்லோடு என் வாசலில் வந்து நின்றாய். "புக்கை பொங்கி முருகனுக்கு வைகா" என்றாய். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம், மச்சாள்.

அதற்குப் பிறகு உனக்கு மைக் கிடைக்கவில்லை. "இனத்தப் பிரிக்கிறவ" என்று பெயர் வைத்தார்கள். நீயோ ஒரு கூட்டமும் விடாமல் போய்ப் பின்னால் நின்றாய். "வெக்கமில்லையாகா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "என்ட ஆக்கள் கூடுறாங்க, நான் எங்க போற?" என்றாய்.

நீ செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது பூமணி அக்கா ஒன்று சொன்னா. "அந்த வெள்ளிக்கிழமை அவ எங்கள வெகுநேரம் இறங்கவே விடல்லகா. வெயில் ஏறுது எண்டம். 'அவ வாறன் எண்டவ, கொஞ்சம் பொறுங்க' எண்டு கோயில் பாதையப் பாத்துக்கிட்டே வரம்பில நிண்டா."

இத்தனை வருடம் பக்கத்து வளவில் இருந்தும் நீ இதை எனக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம் போடியாருடைய மகன் வட்டையைச் சுற்றிக் கம்பி இழுத்திருக்கிறார். தகப்பனுடைய கட்சிதான் அவருக்கும். கூட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிவரச் சொல்லி முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தார்.

"வாறம் மனே. முதல்ல பொண்டுகளுக்குக் கம்பியத் திறந்து விடுங்க."

"அதெல்லாம் மறுகா பாப்பம், மாமி."

"இல்ல மனே. இப்பயே பாப்பம்."

தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார். திறப்பாரோ மாட்டாரோ, தெரியாது. என் வீட்டுக்காரர் முற்றத்தில் இருக்கிறார், என்னைத் தடுக்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடியப் பெண்கள் வட்டைக்குப் போக வந்து கூப்பிடுவார்கள். பூசை கொஞ்சம் பிந்தட்டும். முருகன் என்னை அறிவான்.

வாறன், மச்சாள். பிந்தித்தான் வாறன்.