இல்லாத விரலின் ரேகை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். நீ, நான், மேசைக்குப் பின்னால் குமாஸ்தா ரங்கநாதன், வாசலில் பீடியோடு பியூன் கோபாலு, சாட்சிக்கென்று நாம் கூட்டிப்போன உன் மேஸ்திரி சூசை. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைக்க நேற்று பத்திர ஆபீசுக்குப் போனேன். மைப்பெட்டியைத் திறந்தார்கள். அந்த வாசனையில் அந்தப் பழைய நாளின் ஐந்து பேரும் வந்து நின்றார்கள்.

சுதந்திரம் வந்த புதிது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்சுக் கயிறு உன் இடது கையை முழங்கையோடு கடலுக்குள் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கை போனவர்களுக்குச் சர்க்கார் செலவில் கை செய்து மாட்டுகிறார்கள், மனு கொடுத்தால் போதும் என்றார்கள். கை மாட்டிக்கொண்டு வந்தால் கேட்டில் காவல் வேலை என்றும் சொல்லியிருந்தார்கள். மனு ஆபீசுக்கு நான்கு முறை போனோம். நான்கு முறையும் ரங்கநாதனுக்கு ஒரு காகிதம் குறைந்தது. ஐந்தாம் முறை எல்லாம் சரியாக இருந்ததில் அவன் முகமே வாடிப்போனது.

“ரேகை வை” என்றான். நீ வலது கையை நீட்டினாய்.

“ஆம்பளைக்கு இடது கட்டைவிரல். வலது பொம்பளைக்கு. நீ ஆம்பளையா பொம்பளையா?”

கோபாலு சிரித்தான்.

“அந்தக் கை இல்லாததாலதானே சாமி வந்துகீறோம்” என்றாய்.

“எனக்குத் தெரியுதுப்பா. ரூலுக்குத் தெரியணுமே.”

இல்லாத விரலைக் கேட்பதற்கென்றே படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒரு வழி சொன்னான். வேலையில்தான் கை போனது என்று மேஸ்திரி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வலது ரேகையை எடுத்துக்கொள்வானாம்.

காலையில் நம் வீட்டில் ஆப்பம் தின்றுவிட்டு வந்த சூசை, வாயைத் துடைத்துக்கொண்டான்.

“நான் எப்டி மாமு எழுதறது? நான் அந்தாண்ட இல்ல இருந்தேன். ஒண்ணும் பாக்கலியே.”

“ஆஸ்பத்திரியில வந்து அழுதியே, நான்தான் இழுன்னு கத்திட்டேன்னு. அது யாரு?” என்றேன்.

நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். “கம்முனு இரு புள்ள. எழுதினா அவன் வேலை பூடும். அவன் வூட்லயும் அஞ்சு உசுரு கீது.”

வெளியே வந்ததும், “அந்தக் கை கடல்லேர்ந்து வந்தா இட்டாந்து ரேகை வெச்சிடலாம்” என்று சிரித்தாய். நான் இன்றுவரை சிரிக்கவில்லை.

கையும் வரவில்லை, காவல் வேலையும் வரவில்லை. சாகும் வரைக்கும் லுங்கியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் மறு நுனியைச் செருகினாய். நான் உதவிக்கு வந்தால் முறைப்பாய்.

நேற்று நான் வலது விரலை நீட்டினேன். பத்திர ஆபீசில் ரேகை எடுக்கிற பெண் இடதைப் பிடித்தாள். “பொம்பளைக்கு வலது இல்லியாம்மா?” என்றேன்.

“எல்லாருக்கும் இடதுதான் பாட்டி. அது இல்லாதவங்களுக்கு வலது. இதுல இன்னா கீது?”

அரை நிமிஷ வேலை.

மையை நான் இன்னும் கழுவவில்லை. ரங்கநாதனும் ஒரு மைப்பெட்டிதான். மைப்பெட்டியோடு எனக்கென்ன பகை. கோபாலு அவன் சிரித்தால் சிரிக்கிறவன். அவர்கள் போகட்டும். நீ எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போனாய். உன் சாவுக்கு மாலையோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் நான். உன் மன்னிப்பு உன்னோடு போனது. என்னுடையது என்னிடமே இருக்கிறது. அதை அவனுக்குத் தர மாட்டேன், அந்த மேஸ்திரி சூசைக்கு.