ஆட்டுத் தலை

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஆபீஸில், எங்கள் ஆப்பில் வரும் வீடியோக்கள் மேல் ஆயிரத்துச் சொச்சம் புகார் பார்த்தேன். ஒன்றுக்குப் பதினெட்டு நொடிதான். அதற்குள் ‘நீக்கு’ அல்லது ‘விதிமீறல் இல்லை’, இரண்டில் ஒன்றை அமுக்கியாக வேண்டும். வீடியோவைச் சத்தம் வைத்துக் கேட்டால் நேரம் போதாது. எங்கள் வரிசையில் ஒருவரும் கேட்பதில்லை. ஹெட்போன் கழுத்தில் நகை மாதிரி கிடக்கிறது.

ஒன்று மட்டும் நல்ல சிரிப்பு. குழந்தை வளர்க்கும் அப்பாவைப் பற்றிய புதுப் படம் பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலில் மைக் முன்னால் பேசும் பெண்ணுக்கு யாரோ ஆட்டுத் தலை ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்கு மேல்தான் தெரிகிறது. அவள் பேசப் பேச ஆடு அசைபோடுகிறது. கீழே அவள் சொன்னது எழுத்தில்: ‘ஆம்பள பால் பாட்டில் கழுவினா அதுக்கு ஒரு படமா? சிரிப்புதான் வருது.’ புகாரில், ‘தயவுசெய்து கடைசி வரை கேளுங்கள்.’ எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள். பக்கத்து ஸீட்காரிக்கும் காட்டினேன். விதிமீறல் இல்லை. இந்தக் காலத்திலும் இப்படிப் பேசுகிறவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

ஜூலை 9

அக்கா சாப்பிடவில்லை. தலைவலியாம்.

ஜூலை 11, வெள்ளி

அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கு இன்றும் போகவில்லை. காய்ச்சலோடுகூடப் போய்ப் பாடம் எடுக்கிறவள். என்னவென்று கேட்டால், “உன் வேலையப் பாருடி.” ஃபோனை அணைத்து அலமாரிக்குள் வைத்திருக்கிறாள். எதற்கு?

ஜூலை 12, சனி

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“ஃபோன் ஓயாம அடிக்குதும்மா. எடுத்தா ஆடு மாதிரி கத்தறானுங்க. வாயில வராத அசிங்கமெல்லாம் பேசறானுங்க. நாலு பொண்ணுங்க கத்துக்க வரதையே நிறுத்திட்டாங்க. உங்கக்கா கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்.”

ஆடு.

கதவைச் சாத்திவிட்டு அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். சத்தம் வைத்தேன். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக என்னை எழுப்பிவிடும் குரல். கடைசியில் ஒருவன் டிரைவிங் ஸ்கூல் நம்பரை நிதானமாக இரண்டு தடவை படிக்கிறான்.

ஃபோன் நம்பர் இருந்தால் யோசிக்காமல் நீக்கு. பயிற்சியின் முதல் நாள் சொன்ன முதல் விதி. கடைசி வரை கேட்கச் சொல்லிக் கெஞ்சியது அக்கா. விதிமீறல் இல்லை என்றது நான்.

ஜூலை 14, திங்கள்

டீம் லீடிடம் உண்மையைச் சொன்னேன். “கேக்காமலேயே அமுக்கினியா?” என்றார், தானும் அப்படித்தான் அமுக்குவார் என்பது எனக்குத் தெரியாதது போல. வீடியோவை நீக்கிவிட்டார்கள். என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அது ஊரெல்லாம் குட்டி போட்டுவிட்டது. கழுதைத் தலையோடு ஒன்று, பாட்டுப் போட்டு ஒன்று.

ஜூலை 15

அக்கா குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூப்பிட்டால் பதில் இல்லை. ஏதாவது பண்ணிக்கிட்டாள்னா? நான் என்ன செய்வேன்? கடவுளே, ஒரு தடவை இருமினாக்கூடப் போதும்—

இருமினாள்.

ஜூலை 16, புதன்

தியேட்டர் வாசலில் மைக் பிடித்தவர்கள் முழுப் பேட்டியையும் போட்டிருக்கிறார்கள். அதைச் சீந்துவார் இல்லை. பால் பாட்டிலுக்கு அப்புறம் அக்கா சொல்கிறாள்: “அதயே நான் பதினஞ்சு வயசுல செஞ்சேங்க. அம்மா போனதும் பள்ளிக்கூடத்த விட்டுட்டு, கைக்குழந்தையா இருந்த என் தங்கச்சிய வளத்தேன். அப்ப ஒருத்தரும் கை தட்டல. ஆம்பள செஞ்சா மட்டும் விசிலடிக்கறாங்க.”

இதை வெட்டிவிட்டுத்தான் ஆட்டுத் தலை.

மதியம் அவள் கட்டிலருகே போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதினெட்டு நொடி, ஹெட்போன், எதையும் விடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

“பாத்துட்டு நீயும் சிரிச்சியா?”

பொய் சொல்லியிருக்கலாம். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

“சிரிச்சேன்க்கா.”

தலையை ஆட்டினாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 21, திங்கள்

அக்கா வேலைக்குப் போனாள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், கற்றுக்கொண்டால் அவளிடம்தான் என்று அடம்பிடித்தாராம். அவரை அழைத்து வர டிரைவிங் ஸ்கூல் வண்டி எங்கள் வாசலில் நின்றது. செருப்பு மாட்டும்போது பின்னாலேயே நின்றேன். “வரேன்டி” என்று சொல்லாமல் அவள் படியிறங்கியதே இல்லை. இன்று சொல்லவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவது போல வண்டி கிளம்பி, திணறி, நின்றது. மறுபடி கிளம்பி மறுபடி நின்றது. உள்ளே அக்கா மட்டும்தான் இருந்தாள்.