சட்டைப்பையில் நடந்த செல்வி

செவ்வாய்க்கிழமை.

அக்கா மகள் செல்விக்கு இருபது வயசு. உடம்பைக் குறைக்க, கொழும்பிலிருந்து ஒரு மிஸ் ஃபோனிலேயே பாடம் சொல்கிறார். தினமும் எத்தனை அடி நடந்தாள் என்று ஃபோன் கணக்குக் காட்டணும். அவள் ரோட்டில் இறங்கினால் பயல்கள் "லொறி வருது, ஒதுங்கு" என்று கத்துகிறான்கள். "குடு மாமாகிட்ட" என்று அந்த ஃபோனை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேயிலை மலை முழுக்க ஏறினேன். நமுனுகுலைத் தோட்டத்தில் என்னைப்போல் நடக்கிற கங்காணி பிறக்கவே இல்லை. ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி!

"இவ்வளவு நடந்தும் குறையலையா? அப்ப சோத்தைப் பாதியாக்குங்க" என்றாராம் மிஸ். செல்வி பாதியாக்கினாள். பிறகு அதிலும் பாதி.

இன்று காலை பைப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பிள்ளை நல்லா நடக்குமா?" என்று கேட்டார். விஷயம் தெரியாத அக்கா பக்கத்தில் நின்றாள். "புலி மாதிரி ஏறுவா டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

விடிந்ததும் போய்ச் சொல்லணும், நடந்தது அவள் இல்லை டாக்டர், நான்தான் என்று. அக்கா இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்லணும்.