கரடித்தொப்பிக்காரர்கள்

கிதிர்பூர், கல்கத்தா
14.6.1999

அன்புள்ள பிரிட்டோ தம்பிக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த வீட்டில் உங்கள் பேச்சு வராத நாள் இல்லை, அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

அவர் பெயருக்கு நீங்கள் போட்ட கடிதம் வந்தது. "என்ன அண்ணே, பேனாவும் பிரஷ்ஷும் ஒரேயடியாகக் காய்ந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் போய்விட்டார் தம்பி. சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். மகள் ஷோபனா சொந்தக்காரர்களுக்கெல்லாம் தந்தி கொடுத்தாள். உங்கள் விலாசம் அவளுக்குத் தெரியாது. எனக்கும் தோன்றவில்லை.

யாரோ ஒரு கர்னலின் குதிரை சாம்பலா பழுப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப்பாய்கள் எல்லோரும் பத்திரம். சமையலறைக் கண்ணாடி அலமாரியில் அவர் நிறுத்தியபடியே நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
சுந்தரி வீரபாண்டியன்


பொன்மலை, திருச்சி
25.6.1999

அன்புள்ள மதினிக்கு,

ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். லேத் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் வந்து நிறுத்தினார்.

கப்பல்காரர் எவரோ விட்டுப்போன இங்கிலீஷ் பொம்மைச் சிப்பாய்ப் பத்திரிகையில், வாசகர் கடிதத்தின் கீழே என் பெயரையும் விலாசத்தையும் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கிறுக்கு எனக்கும் உண்டு" என்று ஒரு கார்டு போட்டார் அண்ணன். அப்படித்தான் ஆரம்பித்தது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டையை விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்களை வைத்துச் செய்வது என்று பேசிக்கொண்டோம். பிரெஞ்சுப் படை அவருக்கு, இங்கிலீஷ் படை எனக்கு. அவர் ரிட்டயர் ஆனதும் இங்கே வந்து என் மேசையில் எதிரெதிரே நிறுத்துவதாக இருந்தோம். மேசையில் மேடு, கதிர் வயல், உடைந்த வேலி எல்லாம் செய்துவிட்டேன். என் ஆட்களும் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் காலி.

கேட்கக் கூடாத நேரம், தெரியும். இருந்தாலும் அண்ணனுடைய படையை எனக்கு அனுப்பிவையுங்கள் மதினி. அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு எப்போது முடியுமோ அப்போது.

உங்கள் தம்பி,
பிரிட்டோ


கிதிர்பூர்
3.8.1999

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டது நியாயம். அவர் கொடுத்த வாக்கு. ஆனால் அலமாரியைத் திறந்தால் கை போக மாட்டேன் என்கிறது. இங்கே மழை விடாமல் கொட்டுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். யாரும் வருவதில்லை, நானும் எங்கும் போவதில்லை. சாயங்காலம் விளக்குப் போடாமல் அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தால் அலமாரிக்குள் புகை மாதிரி ஒன்று நகர்கிறது. அவர்கள் பனியில் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பனியை நான் பார்த்ததில்லை. நெப்போலியன் பட்டாளம் ரஷ்யாவில் பனியில் நடந்த கதையை அவர் சொல்லித்தான் தெரியும்.

பெட்டியில் வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தானே. இவர் ஒருத்தன் தலையை அறுத்து இன்னொருத்தன் கழுத்தில் வைப்பார், கொதிதண்ணீரில் முக்கிக் கையை வளைப்பார். இப்போது பாருங்கள், ஒருத்தன் பூட்ஸைக் கழற்றுகிறான். ஒருத்தன் பக்கத்தில் இருக்கிறவன் தோளில் சாய்ந்து தூங்குகிறான். ஒருத்தன் எதையோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி திரும்பி நிற்கிறான். தொப்பிக் கயிறு வரையும்போது, "ஏளா சுந்தரி, மூச்சு விடாத, இவன் மூஞ்சி கோணுது" என்பார். "நீங்க விடாதீக, நான் எதுக்கு விடாம இருக்கணும்?" என்பேன்.

ஷோபனா சால்ட் லேக்கில் அவள் ஃப்ளாட்டுக்கு வரச் சொல்கிறாள். துர்கா பூஜை முடிந்ததும் இந்தத் துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். "அம்மா, அந்தப் பொம்மைய எல்லாம் அங்க எங்கம்மா வைக்கிறது? நீ மட்டும் வா" என்கிறாள். நான் மட்டும் எப்படி வருவது?

சோடா மூடியில் ஒட்டி வெள்ளை அடித்து வைத்த கடைசிக் கூட்டம் ஒன்று அப்படியே கிடக்கிறது. கரடித்தோல் தொப்பி போட்டவர்கள். வெறும் வெள்ளையாக நிற்கிறவர்களைப் பார்க்கச் சகிக்காமல் நானே பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். கோட்டு நீலம் என்று தெரியும். முகத்துக்கு என்ன என்று தெரியவில்லை, அவருடைய நல்ல கறுப்பு நிறத்தைக் கலந்து பூசினேன். சரிதானா?

அன்புடன்,
சுந்தரி


பொன்மலை
16.8.1999

அன்புள்ள மதினிக்கு,

உப்பளத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்! அண்ணன் நிறத்தில் ஒரு பட்டாளமே இருந்தால் வெள்ளைக்காரன் அன்றைக்கே கப்பல் ஏறியிருப்பான். இருக்கட்டும், மாற்ற வேண்டாம். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். பெயிண்டை நீர்மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். மார்பில் வரும் குறுக்கு வாரை வெள்ளையில் போடும் முன் அடியில் ஒரு கறுப்புக் கோடு இழுங்கள், வார் எடுப்பாகத் தெரியும். முக்கியமாக, கண் மட்டும் வைக்காதீர்கள். இந்த உயரத்துக்கு ஒரு மனிதனுடைய கண் தெரியாது, புருவத்துக்குக் கீழே லேசான நிழல் போதும். கண் வைத்தால் எல்லோரும் பயந்து முழிக்கிற மாதிரி ஆகிவிடும். அண்ணனும் வைத்ததில்லை. இதில் மட்டும் நாங்கள் இருவரும் சண்டை போட்டதே கிடையாது.

கூட்டத்தை முடித்துவிட்டு, எல்லோரையும் சேர்த்தே அனுப்புங்கள். நான் காத்திருக்கிறேன்.

பிரிட்டோ


கிதிர்பூர்
9.10.1999

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மஹாளய அமாவாசை. விடிகிறதற்கு முன்னால் எல்லா வீட்டு ரேடியோவிலும் சண்டி என்கிற அம்மன் துதியைப் பாடினார்கள். ஒரு வீட்டில் விட்டது அடுத்த வீட்டில் தொடர்கிற மாதிரி தெருவே பாடியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புலுதி வந்து, "வா வா, இன்னிக்கு அம்மனுக்குக் கண் வரையிற நாள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பந்தலுக்குப் பின்னால் மண் அம்மன் நிற்கிறாள். சேலை இல்லை, நகை இல்லை, வெறும் மஞ்சள் முகம். ஒரு கிழவர் ஏணியில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இழுத்தார். ஒரே இழுப்பு. அந்த நிமிஷம் வரை அது மண் தம்பி. அடுத்த நிமிஷம் அங்கே ஒருத்தி இருந்தாள். என்னைப் பார்த்தாள். அவர் போனதிலிருந்து என்னை அப்படி யாரும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள்கூடத் தரையைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். இத்தனை மாசமாக நான் பேசிக்கொண்டிருந்தது குருட்டுப் பட்டாளத்தோடு என்று அப்போதுதான் உறைத்தது. துடைப்பத்துப் பூங்குச்சியைச் சீவி எடுத்து, வெள்ளைப் புள்ளி, அதன் நடுவே கறுப்புப் புள்ளி என்று வைத்தேன். கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஏமாந்து நிற்கிற மாதிரி இருந்தது. எல்லோருக்கும் வைத்துவிட்டேன். கண் பெரிசாகத்தான் வந்திருக்கிறது, காதுவரை. தூங்குகிறவனுக்கு மட்டும் வைக்கவில்லை.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். கோபிக்காதீர்கள். இப்போது அடுப்படியில் நான் எங்கே திரும்பினாலும் யாராவது பார்க்கிறார்கள். இவர்களை எப்படி அனுப்புவேன் என்று தெரியவில்லை தம்பி. அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன்.

சுந்தரி


பொன்மலை
14.10.1999

மதினிக்கு,

கடைசிக் கூட்டத்தை நீங்கள் என்ன செய்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அண்ணன் முடித்து வைத்தவர்களையும் ஏன் தொட்டீர்கள்?

உங்களுக்கு அவருடைய சட்டை இருக்கிறது, தட்டு இருக்கிறது, மகள் இருக்கிறாள். நான் போட்டோ கேட்டால் குதிரைப் போட்டோ அனுப்புகிற மனுஷன் அவர். எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவர் கைவேலைதான் எனக்கு அவர். அதன்மேல் கண்ணை வரைந்து மூடிவிட்டு, அனுப்ப வேண்டாம் என்று சொல்லவும் சொல்கிறீர்கள்.

நான் சொல்ல மாட்டேன். அனுப்பினால், முதலில் தின்னர் தொட்டுத் துடைத்துப் பார்ப்பேன். போகாவிட்டால் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு எல்லாப் பெயிண்டையும் கரைத்துவிட்டு முதலிலிருந்து பூசுவேன். அண்ணன் பூசியதும் சேர்ந்துதான் போகும். போகட்டும். மறைத்துச் செய்ய எனக்கு இஷ்டம் இல்லை, அதனால் எழுதிவிட்டேன். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம்.

பிரிட்டோ


கிதிர்பூர்
20.10.1999

அன்புள்ள பிரிட்டோ தம்பிக்கு,

உங்கள் கடிதம் விஜயதசமி அன்று மத்தியானம்தான் என் கைக்கு வந்தது. படித்துவிட்டு அலமாரியைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உயிர் போனாலும் அனுப்புவதில்லை என்றுதான் இருந்தேன்.

சாயங்காலம் அம்மனை ஆற்றுக்கு அனுப்ப புலுதி கூப்பிட வந்தாள். அலமாரிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஓ மா! இத்தனை பேருக்கும் கண்ணு குடுத்துட்டியா? எப்ப அனுப்பப் போற?"

"எதுக்கு அனுப்பணும்?"

"கண்ணு குடுத்துட்டுப் பூட்டியா வைப்பாங்க? அந்தக் கெழவர் வச்சுக்கிட்டாரா? கண்ணைத் திறந்தா விடை குடுத்துத்தான் ஆகணும். இல்லாட்டி அவங்களுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

"அது சாமி, புலுதி. இது பொம்மை."

"கண்ணு வைக்கிற வரைக்கும் அதுவும் மண்ணுதான்," என்றாள்.

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். அவர்கள் கண் வரைவதைத்தான் பார்த்து வந்து செய்தேன். அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. என்னோடு இருக்கட்டும் என்று கண் வைத்தேன். அப்படி வைத்தால் இருக்கக் கூடாதாம்.

ஆற்றங்கரையில் அம்மனைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, தண்ணீரில் மல்லாக்க விட்டார்கள். முகம் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது. கண் திறந்தபடி. வானத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். மஞ்சள் முதலில் கரைந்தது, அப்புறம் உதடு. அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. அந்தக் கிழவர் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். புலுதி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் பார்க்கவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் பெண்கள் வரிசையாக வந்து அம்மன் வாயில் இனிப்பு வைத்து, கன்னத்தை வெற்றிலையால் துடைத்து விடை கொடுப்பார்கள். அந்த வரிசையில் என்னைப் போல ஆனவர்கள் நிற்பதில்லை. அதனால் வீட்டுக்கு வந்து தீக்குச்சி நுனியில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு, ஒவ்வொருத்தன் வாயிலும் வைத்தேன். பிசுபிசுப்பாக இருந்தால் அதுதான். அவருடைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டாகச் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடுக்கியிருக்கிறேன். தூங்குகிறவன் மேலாக இருக்கிறான், பார்த்துப் பிரியுங்கள்.

உங்களுக்கு என் மேல் கோபம். வாஸ்தவம்தான். உங்களுக்கு அவர் கை மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடம் அவர் கடிதமும் இருக்கிறது தம்பி. எனக்கு அவர் ஒரு கடிதம் எழுதினதில்லை. நாங்கள் பிரிந்தே இருந்ததில்லை, எங்கிருந்து எழுதுவார்?

பிரேக் ஆயிலில் போடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. நான் வைத்த கண்ணும் போகட்டும், அவர் பூசின நீலமும் போகட்டும். இங்கே எல்லாவற்றையும் ஆற்றில் கரைக்கிறார்கள், உங்களுக்கு ஆறு ஒரு டப்பாவில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவர்களை உங்கள் மேசையில், அந்தக் காலிப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு பகல் நிற்கட்டும். கண் திறந்ததிலிருந்து அவர்கள் பார்த்ததெல்லாம் என் அடுப்பும் என் முகமும்தான். யாரைப் பார்க்கக் கிளம்பினார்களோ அவர்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நாளை நான் ஷோபனா வீட்டுக்குப் போகிறேன். அந்த விலாசத்தை இதில் எழுதவில்லை. கரைத்தீர்களா வைத்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டாம். மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துத் தேட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், பெயிண்ட் காயத் தாமதமாகும், அவசரப்பட்டுத் தொட்டுவிடாதீர்கள்.

உங்கள் மதினி,
சுந்தரி