வக்கீலின் இறகு

அன்பு மகளுக்கு,

அங்கே நீ சௌக்கியமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் நீ விட்டுப்போன கிளியும் குறைவில்லாமல் இருக்கிறோம், குறைந்தது என் மானம் மட்டும்தான். இத்தனை வருஷம் பறவை ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டிய உன் அம்மா, போன வாரம் ஒரு டிஎன்ஏவையே கழிவு வாளியில் கொட்டிவிட்டாள். அதுவும் நம் கிளி வக்கீலுடையதை.

உன் அத்தை வீட்டு ஆண் கிளிக்கு ஜோடி வேண்டுமாம். வந்தாள், கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், "அண்ணி, இது பொண்ணுதான், நடையப் பாத்தாலே தெரியுது, எனக்குக் குடுத்துடுங்க" என்றாள். தங்கை கேட்டால் என்னையே தூக்கிக் கொடுக்கக்கூடிய உன் அப்பா, "டெஸ்ட் பண்ணிப் பாப்போம், பொண்ணுன்னா உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கோ கொடுக்க மனமில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேச இருப்பது வக்கீல் ஒன்றுதான், அப்பா எதற்கும் "சரி" என்று சொல்லிவிட்டு செய்தித்தாளுக்குள் போய்விடுகிறார்.

இறகு பிடுங்கியவர் அப்பா, கடி வாங்கியவரும் அவரே. ஆய்வுக்கூடத்தில் இறகின் அடிக்காம்பைக் கரைத்துக் காந்தத் துகள் போட்டால் காப்பித்தூள் போலக் கலங்கும், டிஎன்ஏ அதில் ஒட்டிக்கொள்ளும். குழாயைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் துகளெல்லாம் ஒரு பக்கமாக அப்பிக்கொள்ளும், திரவத்தைக் கொட்டிவிடலாம். ஆல்கஹாலில் கழுவு, கொட்டு, மறுபடி கழுவு, கொட்டு. கடைசியில் மட்டும் வேறொரு திரவம் விட்டால் டிஎன்ஏ துகளைக் கைவிட்டுத் திரவத்துக்கு வந்துவிடும், அப்போது திரவம்தான் வேண்டும், துகள் குப்பை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரி தன் மாமியார் பல்செட்டைத் தொலைத்த கதையை ஆரம்பித்தாள், என் கை தன் பாட்டுக்கு அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டது. "அய்யோ அக்கா, அதானே சரக்கு!" என்று அலறினாள். பல்செட் எங்கே கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து இன்னொரு இறகு கேட்டேன், அப்பா கட்டுப்போட்ட விரலை நீட்டிக் காட்டினார். சரியென்று மறுநாள் மிச்சத் துகளிலேயே ஒரு சொட்டு திரவம் விட்டு, வந்ததை வைத்துச் சோதித்தேன். பெண்ணென்றால் இரண்டு கோடு, ஆணென்றால் ஒன்று. ஒன்றுதான் வந்தது, அதுவும் மங்கலாக. "சரக்கு கம்மிக்கா, ரெண்டாவது கோடு விழாமலும் போயிருக்கலாம், திரும்பப் பண்ணுங்க" என்றாள் மேஜைக்காரி. நீ பல்செட்டைத் தேடு என்றேன். அன்று மாலையே அத்தைக்குப் போன் போட்டு ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். "மெஷினுக்கு என்ன தெரியும், நடை பொம்பள நடைதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். வக்கீல் நம் வீட்டிலேயே இருக்கிறது, இப்போதுகூட நான் எழுதுவதைப் பார்த்து ஏதோ ஆட்சேபம் சொல்கிறது.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு, ஈரத்தலையோடு வெளியே ஓடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, அத்தை போனில் வந்தால் கிளிப் பேச்சையே எடுக்காதே.

கிளியிடம் வாதாடித் தோற்கும்,
உன் அம்மா

பி.கு. இன்று காலை கூண்டைத் துடைக்கப் போனேன், உள்ளே ஒரு முட்டை இருந்தது.